அத்தை எழுதிய புத்தகத்துக்கு நீங்கள்தான் எடிட்டர் என்றால்

"ஒரு தடவை பார்த்துக் குடுத்துடேன்" என்று ஒரு ஃபைல் வரும். திறந்தால் 240 பக்கம். நண்பரோ சொந்தக்காரரோ முதல்முறை புத்தகம் எழுதினால், கொஞ்சம் தமிழ் தெரிந்தவர் என்று பெயர் வாங்கியவரின் தலையில்தான் அது வந்து விழும். இதுவரை நான்கு புத்தகங்களை இப்படிப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். காசு கிடையாது. ஐந்தாவது வந்தாலும் வாங்கிக்கொள்வேன்.

முதல்முறை உட்காருபவர்களுக்காக, நான் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

1. முதலில் பேசிவிடுங்கள்

"பார்த்துக் கொடு" என்பதற்கு ஆளுக்கு ஓர் அர்த்தம் உண்டு. எழுத்துப்பிழை மட்டும் பார்ப்பது மெய்ப்பு. வாக்கியங்களைச் சீர்செய்வது செம்மையாக்கம். அத்தியாயத்தையே வெட்டுவது, இடம் மாற்றுவது எல்லாம் அதைவிடப் பெரிய வேலை. எது வேண்டும், யார் படிக்கப்போகிறார்கள், எப்போது வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். கடைசி முடிவு எழுதியவருடையது என்பதையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

2. கையைக் கட்டிக்கொண்டு ஒருமுறை படியுங்கள்

எதையும் திருத்தாதீர்கள். எங்கே சலித்தது, எங்கே குழம்பியது, எங்கே சிரித்தீர்கள் என்று பக்க எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கதை தெரியாமல் படிக்கும் வாய்ப்பு உங்களுக்கு இந்த ஒருமுறைதான்.

3. ஃபைலைச் சரிசெய்யுங்கள்

மூலத்தை அப்படியே பத்திரமாக வைத்துவிட்டுப் பிரதியில் வேலை செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றியபின் 'ஔவை' சரியாக இருக்கிறதா, அல்லது 'ஒ' பக்கத்தில் 'ள' போட்டு 'ஒளவை' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். தேடினால்தான் குட்டு வெளிப்படும்.

4. பெரிய விஷயங்கள் முதலில்

ஒற்றுப்பிழையில் ஆரம்பிக்காதீர்கள். பிறகு வெட்டப்போகும் பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஒற்றுப் போட்டவன் நான். வாழ்க்கை அனுபவம் எழுதுபவர்கள் பெரும்பாலும் கொள்ளுத்தாத்தாவில் தொடங்குவார்கள். உண்மையான தொடக்கம் நாற்பதாம் பக்கத்தில் எங்கேயோ உட்கார்ந்திருக்கும். ஒரே சம்பவம் இரண்டு முறை வரும். இதையெல்லாம் எழுதியவரோடு பேசித் தீர்த்துக்கொண்ட பிறகு வாக்கியத்துக்கு வாருங்கள்.

5. வாக்கியத்தில் கைவைக்கும்போது

இந்த இடத்தில்தான் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அத்தை தன் ஆசிரியப் பணியைப் பற்றி எழுதியிருந்தார். அதில் ஓர் இடம்:

"அன்று நல்ல மழை பெய்துகொண்டிருந்த காரணத்தினால் பள்ளிக்குச் சென்று சேர்வதற்கு முக்கால் மணி நேரம் தாமதம் ஆகிவிட்டபடியால் தலைமையாசிரியர் கண்ணாலேயே நாலு சாத்து சாத்தினார்."

நான் என்ன செய்தேன்? முன்பாதியை அப்படியே விட்டுவிட்டு, கடைசித் துண்டை "கடும் சினத்துடன் நோக்கினார்" என்று மாற்றினேன். புத்தகம் முழுக்க இதே திருப்பணி. அத்தை படித்துவிட்டு, "நல்லாத்தான்டா இருக்கு, ஆனா இதை நான் எழுதலையே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை இப்படி:

"அன்று நல்ல மழை. பள்ளிக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் தாமதம். தலைமையாசிரியர் கண்ணாலேயே நாலு சாத்து சாத்தினார்."

'காரணத்தினால்', 'ஆகிவிட்டபடியால்' இரண்டும் அத்தை பேசுகிற பேச்சே இல்லை. புத்தகம் என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று பயந்து போட்டவை. அவற்றை எடுங்கள். 'நாலு சாத்து' அவருடையது, அதைத் தொடாதீர்கள். எது யாருடையது என்று தெரியவில்லையா? சத்தமாகப் படித்துப் பாருங்கள். பழகிய குரல் காதில் விழுகிற இடமெல்லாம் அவருடையது. முன்பின் தெரியாத எடிட்டருக்கு இந்த வசதி கிடையாது.

6. பிழைகள்

அடிக்கடி மாட்டுபவை: 'சுவற்றில்' தவறு, 'சுவரில்' சரி. 'ஒவ்வொரு மாணவர்களும்' வராது, 'ஒவ்வொரு மாணவரும்'. 'கதவுகள் திறந்தது' அல்ல, 'திறந்தன'. உரையாடலுக்குள் பேச்சு வழக்கு இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒற்று அலங்காரம் இல்லை. 'வேலை கொடுத்தான்' என்றால் பணி கொடுத்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் கையில் வேல் வந்துவிடும். 'படித்துப் பார்த்தான்' என்பதில் மிகும், 'வந்து போனான்' என்பதில் மிகாது. சந்தேகம் வந்தால் இலக்கண நூலைப் புரட்டுங்கள், காதை மட்டும் நம்பாதீர்கள்.

7. பெயரும் கணக்கும்

ஒரே ஆள் மூன்று அத்தியாயங்களில் சுப்ரமணியம், சுப்பிரமணியம், சுப்பிரமணியன் என்று வருவார். தனித்தாளில் ஒரு பட்டியல் போட்டு, ஒன்றை முடிவுசெய்து, கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஆண்டுகளையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். 1958இல் பிறந்தவர் 1970இல் கல்லூரியில் சேர்ந்ததாக எழுதியிருந்தால் பன்னிரண்டு வயதில் பட்டப்படிப்பு. திட்ட வேண்டாம், கேளுங்கள்.

8. கேள்வியாக எழுதுங்கள்

வேர்டில் ட்ராக் சேஞ்சஸ், கூகுள் டாக்ஸில் சஜெஸ்டிங். எதில் செய்தாலும் மாற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஓரக்குறிப்பில் "புரியவில்லை" என்று போடுவதைவிட "இங்கே பேசுவது அண்ணனா, தம்பியா?" என்று போடுங்கள். பதில் எழுதும்போது அவரே வாக்கியத்தைச் சரிசெய்துவிடுவார். நன்றாக இருக்கிற இடத்தில் "இது பிரமாதம்" என்றும் எழுதுங்கள். வெறும் சிவப்பாகப் போன ஃபைல் திரும்பி வர ரொம்ப நாளாகும்.

9. தாளில் ஒருமுறை

பக்கம் அமைத்த பிறகு அச்செடுத்துப் படியுங்கள். திரையில் ஒளிந்திருந்தது தாளில் தெரியும். தலைப்புகள், பக்க எண்கள், படத்தின் கீழுள்ள பெயர்கள் ஆகியவற்றைத் தனியாக ஒரு சுற்று பாருங்கள். எல்லோரும் கோட்டைவிடும் இடங்கள் இவை.

இவ்வளவும் செய்தாலும், அச்சாகி வந்த பிரதியைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது ஒரு பிழையாகத்தான் இருக்கும். அத்தை புத்தகத்தில் அது 61ஆம் பக்கம். இன்னும் அவர் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன வாரம் வீட்டுக்கு வந்தவர்களிடம் புத்தகத்தைப் பிரித்துப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த மழைநாள் பத்தி வந்ததும் நிறுத்தி, என்னைப் பார்த்து, "இந்த இடம் எனக்கு நல்லா வந்திருக்கில்ல?" என்றார்.

"ஆமா அத்தை" என்றேன்.