வெண்காரம் கரையும் வெப்பம்: அந்த மூன்றை விட்டுவிடாதீர்கள்

கரைதிறனிலிருந்து என்தால்பி (கரையும்போது ஏற்படும் வெப்ப மாற்றம்) காணும் சோதனைக்கு என் லேபில் நான் கொடுப்பது வெண்காரம்தான். விலை மலிவு, சூடு ஏற ஏறக் கரைதிறன் மளமளவென்று கூடும். பாரிமுனையில் வாங்கும்போது போராக்ஸ் என்றே கேளுங்கள். வியாசர்பாடியிலிருந்து வரும் தம்பி ஒருவன், கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரைக் கொண்டுவந்துவிட்டான். அது போரிக் அமிலம். அமிலம் சொட்டும் பியூரெட்டைத் திறக்கும் முன்பே, அமிலத்தில் சிவக்கும் நிறங்காட்டியான மெத்தில் ரெட் சிவந்துபோய் நின்றது.

இரண்டு குடுவைகளில் தண்ணீர் எடுத்து, அடியில் கரையாமல் மிஞ்சும்வரை வெண்காரம் போட்டுக் கலக்குங்கள். ஒன்று 25 டிகிரியில், இன்னொன்று 40-இல். மே மாதம் நம்மூர்க் குழாய்த் தண்ணீரே 30-ஐத் தாண்டும் என்பதால் 25-க்கு ஐஸ் வேண்டும். 60-ஐ நெருங்க வேண்டாம். அதற்குச் சற்று மேலே அடியிலிருக்கும் படிகமே வேறாகிவிடும்.

தெளிந்ததும் தலா 5 மில்லி எடுங்கள். 40 டிகிரிக் கரைசலுக்குப் பிப்பெட்டை முதலில் வெந்நீரில் சூடாக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முனையிலேயே வெள்ளையாக உறைந்து அடைத்துக்கொள்ளும், அளவும் குறையும்.

மெத்தில் ரெட் சிவக்கும்வரை 0.2 மோலார் (லிட்டருக்கு 0.2 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் எனக்கு 7.8 மில்லியும் 15.8 மில்லியும் பிடித்தது. ஒரு மோல் வெண்காரத்துக்கு இரண்டு மோல் அமிலம். ஆக, கரைதிறன் 0.156, 0.316 மோலார்.

இனி, வெப்பநிலையோடு சமநிலை மாறுவதிலிருந்து என்தால்பியைத் தரும் வான்ட் ஹாஃப் சமன்பாடு. இரண்டு கரைதிறன்களின் விகிதம் 2.026, அதன் இயல் மடக்கை 0.706. வெப்பநிலையைக் கெல்வினில் எழுதுங்கள்: 1/298-இலிருந்து 1/313-ஐக் கழித்தால் 0.0001608. மடக்கையை இந்த வித்தியாசத்தால் வகுத்து, வாயு மாறிலியான 8.314-ஆல் பெருக்கினால் 36,500 ஜூல்.

பாதிப் பேர் இங்கேயே அடிக்கோடு போட்டுவிடுகிறார்கள். வெண்காரம் கரையும்போது இரண்டு சோடியம் அயனி, ஒரு போரேட் அயனி. சமநிலை மாறிலி என்பது கரைதிறனின் கனத்தை நான்கால் பெருக்கியது. மடக்கை எடுத்ததும் அந்தக் கனம் மூன்றாகக் கீழே இறங்கும்; நான்கு, விகிதத்தில் அடிபட்டுப் போகும். எனவே மூன்றால் பெருக்குங்கள்: மோலுக்குச் சுமார் 110 கிலோஜூல்.

விகிதம் மட்டுமே போதும் என்பதால், அமிலத்தின் செறிவு கொஞ்சம் பிசகியிருந்தாலும் இந்த விடை மாறாது. பிப்பெட்டும் தெர்மாமீட்டரும் பிசகினால்தான் ஆபத்து.

குறியையும் பாருங்கள். சூட்டில் அதிகம் கரைந்ததால் நேர்க்குறி, வெப்பத்தை உள்ளே வாங்குகிறது. நீற்றிய சுண்ணாம்பைச் செய்து பார்த்தால் சூட்டில் கரைதிறன் குறையும், எதிர்க்குறி வரும்.