முதலில் அளவு நாடா, பிறகுதான் பெர்மிட்

கனடாவின் ஸ்காபரோவில் புதிதாக ஸ்டெப் டெக் ட்ரெய்லர் (முன்பக்கம் உயர்ந்து, மிச்சத் தளம் தாழ்ந்திருக்கும் ட்ரெய்லர்) வாங்கும் நம்முடைய பிள்ளைகள் என்னை அழைத்துக் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணை, அமெரிக்கா முழுவதற்கும் சேர்த்து ஒரே பெர்மிட் எங்கே எடுப்பது?" அப்படி ஒன்று இல்லை. அளவு மீறிய சுமைக்கு அங்கே மத்திய அரசு அனுமதி கொடுப்பதே இல்லை. அந்தந்த மாநிலம்தான் கொடுக்கும். நம்முடைய எல்லை நகரான ஸார்னியாவில் பாலம் கடந்து டெக்சாஸ் வரை போவதானால் மிச்சிகன், இந்தியானா, இலினோய், மிசூரி, ஒக்லஹோமா, டெக்சாஸ் என்று ஆறு மாநிலம், ஆறு பெர்மிட். நம்முடைய ஒன்ராறியோ மாகாணத்துக்கு ஏழாவது. பாலத்தின் நிர்வாகத்துக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லி நேரம் கேட்க வேண்டும். ஆறும் ஆறு தனி நாடு என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஆனால் பெர்மிட் இரண்டாவது வேலை. முதல் வேலை அளப்பது. அதுவும் நீங்களே, உங்கள் கையால், சுமையை ஏற்றிச் சங்கிலி போட்டு இறுக்கிய பிறகு.

இதை நான் படித்த விதத்தைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தொழிற்சாலை இயந்திரத்தை டலஸ் பக்கம் கொண்டுபோகும் வேலை வந்தது. அனுப்புகிறவர்கள் தந்த வரைபடத்தில் உயரம் 10 அடி 5 அங்குலம். என் ட்ரெய்லரின் கீழ்த்தளம் தரையிலிருந்து 3 அடி 4 அங்குலம். கூட்டினால் 13 அடி 9. அகலம் 12 அடி. அந்தக் கணக்கை நம்பி வியாழக்கிழமையே எல்லாப் பெர்மிட்டும் எடுத்துவிட்டேன். வெள்ளி பின்னேரம் கிரேன் இயந்திரத்தை இறக்கி வைத்தபோது அடியில் 4 அங்குலக் கட்டைகள் இருந்தன. மேலே, வரைபடத்தில் இல்லாத தூக்கு வளையங்கள் இன்னும் 2 அங்குலம். மொத்தம் 14 அடி 3. வளையங்களைக் கழற்றலாமா என்று கேட்டேன். உருக்கி ஒட்டியவை என்றார்கள். ஆறு அங்குலத்துக்காகப் பெர்மிட்களைத் திருத்த வேண்டியதாயிற்று. திங்கட்கிழமை வரை அந்த முற்றத்திலேயே படுத்துக்கிடந்தேன். காத்திருந்த காசை யாரும் தரவில்லை.

ஆகவே வரைபடத்தை மதியுங்கள், நம்பாதீர்கள். தரையிலிருந்து மிக உயர்ந்த புள்ளிவரை அளவுக்கோலை வைத்துப் பாருங்கள். அகலத்தில் ஒரு போல்ட் துருத்திக்கொண்டிருந்தாலும் அதுவும் அகலம்தான். தார்ப்பாய் போட்டால் போட்ட பிறகு இன்னொரு தடவை அளந்து, நாடா தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள்.

இனி எதை மீறினால் பெர்மிட் வேண்டும் என்பது. அகலம் 102 அங்குலம், அதாவது எட்டரை அடி. இது ஹவாய் தவிர, பெரிய நெடுஞ்சாலைகளில் எங்கும் ஒன்றுதான். உயரத்துக்கு மத்திய அரசின் எல்லையே கிடையாது. மாநிலங்கள் வைத்ததுதான் சட்டம். மிச்சிகன், இந்தியானா, இலினோய் எல்லாம் 13 அடி 6 அங்குலம். டெக்சாஸ் 14 அடி. நெப்ராஸ்கா 14 அடி 6. நம்மவர்கள் விழுகிற குழி எது தெரியுமா? ஒன்ராறியோவில் 4.15 மீற்றர் வரை சட்டத்துக்கு உட்பட்டது. 13 அடி 6 என்பது 4.11 மீற்றருக்குச் சற்று மேல். அதாவது விண்ட்சரிலோ ஸார்னியாவிலோ குற்றமில்லாமல் நிற்கும் சுமை பாலத்தின் அந்தப் பக்கம் இறங்கியதும் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் குற்றவாளியாகிவிடும். என் இயந்திரத்தின் கதையையும் இதோடு வைத்துப் பாருங்கள். 13 அடி 9 என்றால் டெக்சாஸில் உயரத்துக்குக் கேள்வியே இல்லை, அகலத்துக்கு மட்டும் பெர்மிட் போதும். 14 அடி 3 என்றால் உயரத்துக்கும் வேண்டும், வழியும் மாறலாம்.

எடையில் இடைவெளி இன்னும் பெரிது. ஒன்ராறியோவில் போதிய அச்சுகள் இருந்தால் 63,500 கிலோ வரை போகலாம். அமெரிக்க நெடுஞ்சாலையில் மொத்தம் 80,000 இறாத்தல், நம்முடைய கணக்கில் 36,287 கிலோ. ஓர் அச்சுக்கு 20,000 இறாத்தல், இரட்டை அச்சுக்கு 34,000. மிச்சிகன் மட்டும் தனிக் குணம் கொண்டது: 11 அச்சு இருந்தால் 164,000 இறாத்தல் வரை அங்கே பெர்மிட் இல்லாமலே ஓடும். அதைப் பார்த்து மயங்கி இந்தியானா எல்லையில் மாட்டியவர்கள் உண்டு.

மொத்த எடை சரியாக இருந்தாலும் பாலச் சூத்திரம் என்று ஒன்று காத்திருக்கிறது. 1970களில் வந்த சட்டம். பாலத்துக்குப் பாரம் மட்டுமல்ல, அந்தப் பாரம் எவ்வளவு நீளத்தில் பரவி நிற்கிறது என்பதும் முக்கியம் என்பதே அதன் சாரம். இரண்டு அச்சுகள் 4 அடி இடைவெளியில் நின்றால் 34,000 இறாத்தல்தான். அதே இரண்டை 10 அடி அகற்றி வைத்தால் 40,000. ஐந்து அச்சு வண்டி முழு 80,000ஐ எடுக்க, முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் நடுவில் 51 அடி வேண்டும். அகல அச்சு ட்ரெய்லருக்கு ஏன் கூடுதல் விலை கேட்கிறார்கள் என்று இப்போது புரியும். சுமை ஏறியதும் பக்கத்து ட்ரக் நிறுத்தத்தில் இருக்கும் தராசில் முன் அச்சு, இழுக்கும் அச்சுகள், ட்ரெய்லர் அச்சுகள் என்று தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். இயந்திரம் ஒரு அடி பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தால்கூட ட்ரெய்லர் பக்கம் எல்லை தாண்டியிருக்கும். கிரேன் இருக்கும்போதே நகர்த்துவது பத்து நிமிட வேலை. வழியில் பொலிஸ் சொன்னால் அது ஒரு நாள் வேலை.

பெர்மிட் யாருக்குக் கிடைக்கும் என்பதில் ஒரு வார்த்தை உண்டு: பிரிக்க முடியாத சுமை. இரண்டு சிறிய இயந்திரங்களை அருகருகே வைத்து அகலம் மீறினால் பெர்மிட் தரமாட்டார்கள். ஒன்றை இறக்கிவிடு என்பார்கள். எடை விடயத்தில் மத்திய விதி தெளிவாகவே சொல்கிறது: தகுந்த கருவிகளோடு பிரிப்பதற்கு 8 வேலை மணிநேரத்துக்கு மேல் பிடிக்க வேண்டும், அல்லது பிரித்தால் பொருள் பயனற்றதாகவோ மதிப்பு கெட்டோ போக வேண்டும். அதை நிரூபிப்பது விண்ணப்பிக்கிறவரின் பொறுப்பு. ஆகவே உற்பத்தியாளரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். அகழும் இயந்திரம் என்றால், வாளியைக் கழற்ற முடியுமானால் கழற்றித் தனியாக அனுப்பிவிடுவதே நல்லது.

பெர்மிட் எடுப்பது இப்போது எளிது. மிச்சிகனில் மிட்ரிப், இலினோயில் ஐடாப், டெக்சாஸில் டெக்ஸ்ப்ரோஸ் என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் இணையத்தளம் இருக்கிறது. டெக்சாஸில் சாதாரண அளவு மீறிய ஒரு பயணத்துக்கு 60 டொலர்; எடையும் மீறினால் சாலைப் பராமரிப்புக் கட்டணம் அதன் மேல் ஏறும். நேரமில்லாதவர்கள் பெர்மிட் எடுத்துத் தரும் சேவைக்காரர்களிடம் கொடுத்துவிடலாம். நானும் கொடுக்கிறேன். ஆனால் தாளில் வரும் எண்களுக்கு அவர்கள் பொறுப்பில்லை, நீங்கள்தான். வண்டியின் இலக்கத் தகடு, ட்ரெய்லரின் எண், அச்சு இடைவெளிகள் ஒவ்வொன்றையும் விரலை வைத்துச் சரிபாருங்கள். ஓர் எழுத்துப் பிழை போதும், சாலையோரம் நிறுத்தி வைப்பதற்கு. மிகப் பெரிய சுமைகள் வேறு கதை. டெக்சாஸில் 254,300 இறாத்தலைத் தாண்டினால் பாலங்களைப் பொறியியலாளர்கள் கணக்குப் பார்த்த பிறகுதான் அனுமதி. அது நம்மைப் போன்ற இரண்டு லொறிக்காரர்களின் வேலை அல்ல.

பெர்மிட் கைக்கு வந்ததும் அதிலுள்ள வழியைப் படியுங்கள். இதைத்தான் எவரும் செய்வதில்லை. "ஐ-69 தெற்கு, இத்தனையாவது வெளியேற்றம், பிறகு இந்தச் சாலை" என்று வரிவரியாக அச்சிட்டிருப்பார்கள். ஜி.பி.எஸ். சொல்கிற குறுக்குவழி அந்த வரிகளில் இல்லையென்றால் அந்த வழி உங்களுக்கு இல்லை. விலகினால் பெர்மிட் செல்லாது. பெர்மிட் இல்லாத சுமையாகவே நடத்துவார்கள். முதல் நாள் இரவு நான் அந்த வழியைக் கையால் ஒரு தாளில் எழுதி, கண்ணாடிக்குக் கீழே ஒட்டிக்கொள்வேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அதே நேரம் பெர்மிட்டில் வழி இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. 2013 மே 23 அன்று வாஷிங்டன் மாநிலத்தில் ஐ-5 சாலையின் ஸ்காஜிட் ஆற்றுப் பாலம் இடிந்ததை நினைவில் வையுங்கள். அல்பேர்ட்டாவிலிருந்து வந்த சுமை அது. பெர்மிட் இருந்தது, வழித்துணையாகப் போகும் பைலட் காரும், உயரம் பார்க்கும் கம்பைக் கட்டிக்கொண்டு, முன்னால் போனது. அந்தப் பாலத்தின் மேற்சட்டகம் வளைந்தது. ஓரப் பாதைக்கு மேலே தாழ்வு, உட்பக்கம் உயரம். பக்கத்தில் இன்னொரு ட்ரக் வந்ததால் சுமை வலப்பக்கமாகப் போய்ச் சட்டகத்தில் இடித்தது. பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. இரண்டு வாகனங்கள் கூடவே விழுந்தன. அவற்றிலிருந்த மூவரும் உயிர் தப்பினார்கள். பைலட் காரின் ஓட்டுநர் அப்போது தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார் என்று பின்னர் விசாரணையில் தெரியவந்தது. பைலட் கார் எடுக்கும்போது நான் முதலில் பேசிக்கொள்வது இதைப் பற்றித்தான்: ஓடும்போது வானொலிக் கருவியில் என்னோடு மட்டும் பேச்சு.

பைலட் கார் எப்போது வேண்டும் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் அகலம் 14 அடிக்கு மேல் போனால் ஒன்று. இருவழிச் சாலையில் அது முன்னால், பிரிந்த நெடுஞ்சாலையில் பின்னால். 16 அடிக்கு மேல் முன்னும் பின்னும். உயரம் 17 அடியைத் தாண்டினால் கம்பு கட்டிய கார் முன்னே. வாஷிங்டன், புளோரிடா, ஜோர்ஜியா போன்ற இடங்களில் பைலட் கார் ஓட்டுநருக்குச் சான்றிதழ் இருக்க வேண்டும். முதலிலேயே அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

நேரம் பெரும்பாலான மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து மறைவுக்கு அரை மணி பின்புவரை. பெரிய நகரங்களில் வேலைக்குப் போகும் நேரமும் திரும்பும் நேரமும் தடை. மழையும் பனியும் கண்ணை மறைத்தால் நிற்க வேண்டும். விடுமுறைகளை அமெரிக்க நாட்காட்டியில் பாருங்கள்: நம்முடைய நன்றி தெரிவிக்கும் நாள் ஒக்டோபரில், அவர்களுடையது நவம்பரில். பனி உருகும் காலத்தில் மிச்சிகனில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. சில சாலைகளில் கொங்கிரீட் என்றால் 25 வீதமும் தார்ச்சாலை என்றால் 35 வீதமும் அச்சு எடையைக் குறைத்துவிடுவார்கள். மார்ச் மாதத்தில் வேலை எடுத்தால் முதலில் இதை விசாரியுங்கள்.

சங்கிலி பற்றி ஒரு கணக்கு. சுமையின் எடையில் பாதியைச் சங்கிலிகளின் மொத்தத் தாங்குதிறன் எட்ட வேண்டும். 46,000 இறாத்தல் இயந்திரத்துக்கு 23,000. பல ஓட்டுநர்கள் ஒன்றுக்கு 6,600 இறாத்தல் தாங்கும் சங்கிலி நான்கு போட்டு 26,400 என்று திருப்திப்படுவார்கள். ஆனால் ட்ரெய்லரிலிருந்து இயந்திரத்தின் வளையத்துக்கு நேராகப் போகிற சங்கிலிக்குப் பாதி மதிப்புத்தான். நான்கும் சேர்ந்து 13,200. ஏழு வேண்டும், நான் எட்டுப் போடுவேன்.

கடைசியாக, நெடுஞ்சாலையை விட்டுச் சுமை இறக்கும் இடம்வரை போகிற அந்த இரண்டு மைல். டெக்சாஸின் பெர்மிட் மாநிலம் பராமரிக்கும் சாலைக்கு மட்டும். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி நகரத்துச் சாலையில் ஏறியதும் அந்தத் தாளுக்கு வேலை இல்லை. நகரமோ கவுண்டியோ (மாவட்ட நிர்வாகம் போன்றது) கேட்டால் தனி அனுமதி. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே பெற்றுக்கொள்கிற இடத்துக்கு அழைத்து மூன்று கேள்வி கேட்கிறேன். எந்தச் சாலையால் லொறிகள் வருகின்றன? வாசலுக்கு முன் தாழ்ந்த மின்கம்பி ஏதும் உண்டா? கிரேன் எத்தனை மணிக்கு வரும்? மூன்றாவதுக்கு "பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், பெர்மிட்டில் எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று உடனே எண்ணிப் பார்க்கத் தொடங்குவேன்.