உரமா, தண்ணீரா? தேயிலை இலையின் காபனிடம் கேட்பது எப்படி

பெப்ரவரியில் ஹட்டன் பக்கம் ஏதாவது ஒரு தேயிலை மலையில் ஏறிப் பாருங்கள். கானோரத்துச் செடி பச்சையாக நிற்கும். கொஞ்சம் மேலே, பாறை ஓரத்துச் செடி வெளிறிப் போயிருக்கும். அதற்குக் குறை உரமா, தண்ணீரா? 2021இல் இரசாயன உரம் நின்றபோது கொழுந்து குறைந்ததைக் கண்ட நமக்கு இது சின்னக் கேள்வி இல்லை. இலையில் உள்ள காபனையும் நைதரசனையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல துப்புக் கிடைக்கும்.

முதலில் அடிப்படை. இயற்கையில் உள்ள காபனில் ஏறக்குறைய 98.9 வீதம் காபன் 12, மீதி 1.1 வீதம் சற்றுப் பாரமான காபன் 13. இவை சமதானிகள், அதாவது ஒரே மூலகத்தின் பாரம் வேறுபட்ட வகைகள். ஒளித்தொகுப்பில் ரூபிஸ்கோ நொதியம் இலேசானதையே கூடுதலாக எடுக்கும். தண்ணீர் போதாமல் இலைவாய் (இலையில் காற்றுப் போய்வரும் நுண்துளை) ஒடுங்கினால் உள்ளே இருக்கும் காற்றை வைத்தே சமாளிக்க வேண்டும். அப்போது பாரமானதும் கூடச் சேரும். காபன் 13 ஒரு நியமப் பொருளில் இருப்பதைவிட எவ்வளவு கூட அல்லது குறைவு என்பதை 'டெல்டா 13' என்று ஆயிரத்துக்கு இத்தனை என எழுதுவார்கள். கழித்தல் குறி வந்தால் குறைவு. எண் −29இலிருந்து −27க்கு ஏறினால் காபன் 13 கூடியிருக்கிறது என்று அர்த்தம். இன்றைய காற்றுக்கு ஏறக்குறைய −8.5. தேயிலை போன்ற சி3 தாவரங்களுக்கு (காபனீரொட்சைட்டை ரூபிஸ்கோவே நேரடியாகப் பிடிப்பவை) −27ஐச் சுற்றி வரும். சோளம் போன்ற சி4 தாவரங்களுக்கு (முதலில் வேறொரு நொதியம் பிடித்து ரூபிஸ்கோவிடம் கொடுப்பவை) −12, −13 அளவில் நிற்கும்.

சரி, நைதரசன் எங்கே வருகிறது? ரூபிஸ்கோ ஒரு புரதம். நைதரசன் கூடினால் அதுவும் கூடும். உள்ளே வரும் காபனீரொட்சைட்டை இலை வேகமாக இழுத்துக்கொள்ளும், அதனாலும் எண் மேலே ஏறும். ஆக, வறட்சியும் எண்ணை ஏற்றும், நல்ல உரமும் ஏற்றும். காபன் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

படி 1: செடியைத் தெரிவு செய்தல். ஒரே இனம், ஒரே கவ்வாத்து ஆண்டு, ஒரே உயரம். உயரம் கூடினாலே எண் ஏறும் என்பதால் நுவரெலியா இலையைக் கண்டி இலையோடு ஒப்பிட வேண்டாம். நிழல் மரத்துக்கு அடியில் உள்ளதையும் விடுங்கள். நிழல் எண்ணை இறக்கும்.

படி 2: இலை பறித்தல். கொழுந்தை எடுக்காதீர்கள். இரண்டு இலையும் மொட்டும் பெரும்பாலும் முற்றிய இலைகள் அனுப்பிய சீனியில் வளர்ந்தவை. அவற்றின் காபன் அவற்றின் சொந்தக் கதையைச் சொல்லாது. பறிக்கும் மட்டத்தில் வெயில் படும் முற்றிய இலையை, ஒவ்வொரு செடியிலும் ஐந்தாறு, எடுங்கள்.

படி 3: கழுவி, காயவைத்து, அரைத்தல். டொலமைட் தூவிய மலையென்றால் நன்றாகக் கழுவுங்கள். டொலமைட்டிலும் காபன் உண்டு. இலையில் ஒட்டிய வெள்ளைப் பொடி எண்ணைக் கெடுத்துவிடும். 60 முதல் 70 பாகை செல்சியசில் இரண்டு நாள் காயவையுங்கள். நரம்பு நொறுங்கும்வரை அரைத்து, ஒரு சிட்டிகையை விரலிடையே தேய்த்துப் பாருங்கள். முகப் பவுடர் போல வழுக்க வேண்டும். நறநறவென்றால் இன்னும் அரைக்கத்தான் வேண்டும்.

படி 4: ஆய்வுகூடம். சில மில்லிகிராம் தூள் போதும். திணிவு நிறமாலைமானியோடு இணைந்த மூலகப் பகுப்பாய்வி ஒரே தூளில் டெல்டா 13ஐயும் நைதரசன் வீதத்தையும் தரும்.

படி 5: கணக்கு. எண் −27 என்று வைப்போம். காற்றோடு உள்ள வித்தியாசம் 18.5. அதை 0.973ஆல் (ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கு 27ஐக் கழித்தது) வகுத்தால் 19.0. அதிலிருந்து இலைவாய் வழியே காற்று நுழையும்போது வரும் வித்தியாசமான 4.4ஐக் கழித்து, 22.6ஆல் (ரூபிஸ்கோ பக்கத்து வித்தியாசம் 27இலிருந்து அதே 4.4ஐக் கழித்தது) வகுத்தால் ஏறக்குறைய 0.65. இலைக்குள் இருக்கும் காபனீரொட்சைட்டு வெளியே இருப்பதில் 65 வீதம் என்று அர்த்தம். −29 வந்திருந்தால் இது 0.74 ஆகும், இலைவாய் நன்றாகத் திறந்திருந்த செடி, இல்லாவிட்டால் இழுக்கும் சக்தி குறைந்த செடி.

எது என்று நைதரசன் சொல்லும். பாறை ஓரத்துச் செடியில் காபன் எண் ஏறி, நைதரசன் கானோரச் செடிக்குச் சமமாக இருந்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். காபன் எண்ணும் நைதரசனும் சேர்ந்து இறங்கினால் உரத்தை. இரண்டுக்கும் ஒட்டாமல் வந்தால் பொற்றாசியத்தையும் அளக்க வேண்டும். இலைவாய் திறப்பதிலும் மூடுவதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதற்காக மீதித் தூளை வீசாமல் காய்ந்த போத்தலில் போட்டு, மலை இலக்கமும் திகதியும் எழுதி வையுங்கள்.