வால்வ் கவர் ஸ்பேசர் நாமே செய்வது

பழைய எஞ்சினில் லிஃப்ட் கூடுதலான கேம் (வால்வை இன்னும் அதிகமாகத் திறக்கும் கேம்ஷாஃப்ட்) போட்டால், வால்வை அழுத்தும் நெம்புகோலான ராக்கர் போய் வால்வ் கவரில் இடிக்கலாம். அப்போது கவருக்கு அடியில் வைத்து அதை உயர்த்தும் சட்டம்தான் ஸ்பேசர். எவ்வளவு உயர்த்துவது என்று ஊகிக்காதீர்கள். கவரின் உள்ளே களிமண் ஒட்டி, மூடி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டுத் திறந்து, களிமண் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டராவது மிச்சம் வேண்டும். கிழிந்தே போயிருந்தால் கேஸ்கெட்டுகளை அடுக்கி உயர்த்தி மறுபடி பாருங்கள்.

6061 ரக அலுமினியத் தகட்டில் புது கேஸ்கெட்டை வைத்துக் கோடு போடுங்கள். முதலில் இரண்டு முகமும் ஃபேசிங் (மேற்பரப்பைத் தட்டையாகச் சீவுதல்), போல்ட் துளைகள், அப்புறம்தான் நடுப்பகுதி. நடுவை எடுத்ததும் அது வெறும் சட்டம், வைஸில் இறுக்கினால் வளைந்துவிடும் (ஒன்றைப் பாழாக்கித்தான் கற்றேன்), அதனால் துளைகள் வழியாகவே அடித்தட்டில் போல்ட் போட்டு, ஓரத்தில் 0.5 மில்லிமீட்டர் விட்டு வெட்டி, கடைசியில் மெல்லிசாக ஒரு வெட்டு. பிசிறு நீக்கி நன்றாகக் கழுவுங்கள், துகள் எண்ணெயில் கலந்தால் பேரிங் காலி. மேலும் கீழும் கேஸ்கெட், நீளமான போல்ட். சரி, மாட்டலாம்.