கடனுக்குச் சரக்கு அனுப்பலாமா: பேரேட்டிலிருந்து ஒரு கணக்கு

மொத்த வியாபாரத்தில், கடன் கேட்கும் கடைக்காரருக்குச் சரக்கை அனுப்புவதா, ரொக்கம் கேட்பதா என்ற முடிவு பெரும்பாலும் பழக்கத்தை வைத்தே எடுக்கப்படுகிறது. அந்த அனுபவத்தை ஒதுக்க வேண்டியதில்லை; அதைப் பழைய பில்களோடு ஒத்துப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. பலர் வாடிக்கையாளரைத் தரம் பிரிப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். பணம் வராமல் போகும் வாய்ப்பு எவ்வளவு வரை இருந்தால் கடன் கொடுக்கலாம் என்ற எல்லைக்கோட்டை முதலில் கணக்கிடுவதே சரியான வரிசை என்பது என் கருத்து, ஏனெனில் அந்தக் கோடு வாடிக்கையாளரின் குணத்தைவிட நம் லாப விகிதத்தையே அதிகம் சார்ந்திருக்கிறது.

100 ரூபாய்க்கு விற்கும் சரக்கின் அடக்கவிலை 92 ரூபாய் என்று கொள்வோம். பணம் வந்தால் லாபம் 8 ரூபாய். வராவிட்டால் நட்டம் 92 ரூபாய். லாபத்தை, லாபமும் நட்டமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் 8 சதவீதம் கிடைக்கிறது. பணம் வராமல் போகும் வாய்ப்பு இதற்கு மேல் இருந்தால், அந்தக் கடன் விற்பனை சராசரியில் நட்டத்தையே தரும். 60 நாள் கழித்துப் பணம் வருவதாகவும், ஓவர் டிராஃப்டுக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி கட்டுவதாகவும் வைத்துக்கொண்டால், 92 ரூபாய்க்கான வட்டி ஏறத்தாழ 1.80 ரூபாய். லாபம் 6.20 ஆகக் குறைந்து, நட்டம் 93.80 ஆக உயர, எல்லை 6.2 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது.

அடுத்து, எதை வாராக்கடன் என்று கொள்வது என்பதை எழுத்தில் வரையறுக்க வேண்டும். கெடு முடிந்து 90 நாள் கடந்தும் வராத பில் என்பது, இந்திய வங்கிகளும் பின்பற்றும் அளவு என்பதால், பொருத்தமாக இருக்கும். அப்படிக் கடந்தவற்றில் ஒரு பகுதி பிறகு வசூலாகும் பழக்கம் இருந்தால் அதை நட்டத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பின்னர், ஒவ்வொரு பழைய பில்லுக்கும் அதைப் போட்ட நாளன்று நமக்குத் தெரிந்திருந்த தகவல்களை மட்டும் எக்செல் தாளில் ஏற்ற வேண்டும்: அதற்கு முன் காசோலை திரும்பியதா, சராசரியாக எத்தனை நாள் தாமதித்தார், வழக்கத்தைவிடப் பெரிய ஆர்டரா என்பன போன்றவை. பில் போட்ட பிறகு நடந்ததைச் சேர்த்துவிட்டால் கணக்கு தாளில் அபாரமாகப் பொருந்தும், கடையில் உதவாது.

இனிக் கற்பனையான 1,000 பில்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்போம். ஒழுங்காகக் கட்டுபவர்களின் 600 பில்களில் 12 வாராக்கடன், அதாவது 2 சதவீதம். காசோலை திரும்பாவிட்டாலும் தாமதிப்பவர்களின் 280 பில்களில் 21, அதாவது 7.5 சதவீதம். காசோலை திரும்பிய வரலாறு உள்ளவர்களின் 120 பில்களில் 24, அதாவது 20 சதவீதம். பில் ஒவ்வொன்றும் 100 ரூபாய் என்று கொண்டால், எல்லோருக்கும் கடன் கொடுக்கையில் வட்டி நீங்கலாக லாபம் 2,300 ரூபாய். மூன்றாம் வகையை மட்டும் மறுத்தால் 3,740 ரூபாய். ஆனால் 'எல்லோரும் கட்டுவார்கள்' என்று கண்ணை மூடிச் சொல்பவர் 1,000-க்கு 943 முறை சரியாகச் சொல்லியிருப்பார்; மூன்றாம் வகையை மறுத்தவரோ 871 முறைதான் சரி (கடன் கொடுத்ததில் கட்டிய 847, மறுத்ததில் கட்டாத 24). துல்லியத்தை மட்டும் பார்த்து ஒரு முறையைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டியதில்லை.

சிக்கல் நடு வகையில்தான் இருக்கிறது. வட்டியை விட்டுப் பார்த்தால் அது 140 ரூபாய் லாபம் தருகிறது, பில்லுக்கு 1.80 வீதம் வட்டி 504 ரூபாயைக் கழித்தால் 364 ரூபாய் நட்டமாகிறது. தாமதிப்பவர்களிடம்தான் வட்டி உறைக்கும் என்பதால் அதை விட்டுவிடவும் முடியாது. மேலும், 280 பில்களிலிருந்து கண்ட 7.5 சதவீதம் என்பதே ஒரு மதிப்பீடுதான். புள்ளியியலில் வழக்கமான 95 சதவீத நம்பக இடைவெளியில், அதாவது உண்மையான அளவு இருக்கக்கூடிய வீச்சில், அது ஏறத்தாழ 4.4 முதல் 10.6 வரை எங்கும் இருக்கலாம். எல்லைக்கோடு இந்த இடைவெளிக்குள் விழும்போது கொடு, கொடுக்காதே என்ற இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்வதைவிட நிபந்தனையை மாற்றுவது நல்லது. பாதித் தொகையை முன்பணமாக வாங்கினால் நட்டம் வட்டியுடன் 43 ரூபாய்க்குள் அடங்கி, எல்லை சுமார் 14 சதவீதத்துக்கு உயர்கிறது. நடு வகையின் மேல் மதிப்பீடு கூட அதற்குள் அடங்கிவிடும். மூன்றாம் வகைக்கு ரொக்கம்தான்.

இந்த இடைப்பட்ட பகுதி புதிய சிந்தனையன்று. 1968-இல் அமெரிக்க நிதியியல் பேராசிரியர் எட்வர்ட் ஆல்ட்மன் 66 அமெரிக்க உற்பத்தி நிறுவனங்களின் கணக்குகளைக் கொண்டு, திவாலாகும் நிறுவனங்களை முன்கூட்டி இனங்காண ஒரு மதிப்பெண் சூத்திரம் வகுத்தார், 1.81-க்குக் கீழே ஆபத்து, 2.99-க்கு மேலே பாதுகாப்பு, இடைப்பட்டது உறுதியற்ற பகுதி. அந்தச் சூத்திரத்தை நம் ஊர்க் கடைகளுக்கு அப்படியே பொருத்தக் கூடாது; இடைவெளி விட்டுப் பிரிக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பார்க்க வேண்டிய அம்சங்கள் நான்கைந்துக்கு மேல் போனால் வகை பிரிக்கும் அட்டவணை சிதறிவிடும்; அப்போது, பல அம்சங்களைச் சேர்த்துப் பணம் வராமல் போகும் வாய்ப்பைக் கணக்கிடும் புள்ளியியல் முறையான லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் உதவும். எக்செலில் உள்ள சால்வர் என்ற கருவியிலேயே அதைச் செய்யலாம். எந்த முறையானாலும், முந்தைய ஆண்டுகளின் பில்களைக் கொண்டு விதியை வகுத்து, அந்தக் கணக்கில் சேராத கடைசி ஆண்டின் பில்களில் சோதித்துப் பார்க்க வேண்டும். முன்பு நாம் கடன் மறுத்தவர்கள் இந்தப் பேரேட்டில் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது; அவர்களைப் பற்றி இந்தச் சதவீதங்கள் எதுவும் சொல்லா. வங்கி வட்டியோ, கம்பெனி தரும் கழிவோ மாறும் ஒவ்வொரு முறையும் எல்லைக்கோட்டைத் திருத்துங்கள். வகைகளின் சதவீதங்களை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும்.