50 பேருக்கு அரிசிம்பருப்பு, 60 ராகி பிஸ்கட்: தன்னார்வலர் உணவகத்துக்கான அளவுகள்

அரிசியும் பருப்பும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் பொங்கும் கொங்கு நாட்டுச் சாதம்தான் அரிசிம்பருப்பு. வீட்டில் அதைச் செய்பவரிடம் அளவு கேட்டால் "ஒரு கை போடுங்க" என்பார். தன்னார்வலர்கள் நடத்தும் உணவகத்தில் அது நடக்காது. திங்கட்கிழமை சமைப்பவர் வேறு, செவ்வாய்க்கிழமை வருபவர் வேறு. 10 கிலோ வரை நிறுக்கும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். கீழே உள்ள அளவுகளைப் பெரிய எழுத்தில் எழுதி அடுப்புக்கு எதிரே ஒட்டுங்கள்.

50 பேருக்கு: புழுங்கல் பொன்னி அரிசி 5 கிலோ, துவரம்பருப்பு 1¼ கிலோ, சின்ன வெங்காயம் 1½ கிலோ, தக்காளி 1¼ கிலோ, பூண்டு 250 கிராம், வரமிளகாய் 50 கிராம், சீரகம் 60, மிளகு 30, மஞ்சள்தூள் 20, கடுகு 40 கிராம், கடலெண்ணெய் 400 மில்லி, உப்பு 180 கிராம், தண்ணீர் 18 லிட்டர். கறிவேப்பிலை, கொத்தமல்லி தாராளமாக. அடி கனமான 40 லிட்டர் அண்டா வேண்டும். பச்சரிசியும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அரை மணி நேரத்தில் இறுகிவிடும். பந்தி ஒரே நேரத்தில் முடியாத இடத்தில் புழுங்கலே நல்லது.

வீட்டில் டம்ளரால் அளந்து ஒரு பங்கு அரிசி பருப்புக்கு மூன்று பங்கு தண்ணீர் விடுவோம். அண்டாவில் இரண்டரைப் பங்கு போதும். அளவு பெரிதாகும்போது ஆவியாகிப் போகும் பங்கு குறைகிறது. தண்ணீர் குறைவதால் உப்பும் குறையும். வீட்டு உப்பை அப்படியே பெருக்கிப் போட்டால் கரித்துவிடும். முதலில் 180 கிராம் போட்டு, அரிசி முக்கால் பதம் வெந்ததும் ருசி பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் இன்னும் கொஞ்சம் சேருங்கள்.

பருப்பை அரை மணி நேரமும் அரிசியை 20 நிமிடமும் தனித்தனியாக ஊறவையுங்கள். பக்கத்து அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க விடுங்கள். எண்ணெயில் கடுகு, சீரகம், மிளகாய், தட்டிய மிளகு, நசுக்கிய பூண்டு, வெங்காயம், கறிவேப்பிலை என்று வரிசையாகப் போட்டு, வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் மஞ்சள்தூள். பிறகு பருப்பையும் 18 லிட்டர் கொதிநீரையும் சேர்த்துப் பாதி மூடி வேகவையுங்கள். 15, 20 நிமிடத்தில் ஒரு பருப்பை எடுத்து விரலிடையில் அழுத்தினால் நசுங்க வேண்டும், ஆனால் கரண்டியில் முழுசாக நிற்க வேண்டும். அந்தப் பதத்தில்தான் தக்காளி, அரிசி, உப்பு மூன்றும் போக வேண்டும்.

தக்காளியை முன்பே வதக்கிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. புளிப்பு பட்டால் பருப்பு வேகாமல் நறுக்கென்று நிற்கும். உப்புத்தண்ணி, அதாவது போர் தண்ணீரும் இதையே செய்யும். அதில் உள்ள சுண்ணச்சத்து பருப்பை இறுக்கிவிடும். கோவைப் பக்கம் குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீரோ வேறு குடிநீரோ, சமையலுக்கு நல்ல தண்ணிதான். உப்புத்தண்ணி பாத்திரம் கழுவ மட்டும்.

அரிசி போட்டபின் தீ பெரிதாக இருக்கட்டும். அடியோடு இரண்டே முறை கிளறுங்கள். தண்ணீர் அரிசி மட்டத்துக்கு இறங்கியதும் அண்டாவுக்கு அடியில் பழைய தோசைக்கல்லை வைத்து, மூடி, சிறு தீயில் 15 நிமிடம். அணைத்தபின் 10 நிமிடம் திறக்கவே கூடாது. அடிப்பிடித்த வாசம் வந்தால் சுரண்டாதீர்கள், கிளறாதீர்கள். உடனே மேல் சோற்றை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், மிச்சத்தைக் காப்பாற்றிவிடலாம்.

வெந்ததைச் சூடாகவே பிடித்து வைப்பது ருசியைவிட முக்கியம். சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் (ஸ்போர்) வேகவைத்தும் சாகாமல் இருக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை பெருகி நஞ்சு விடும். திரும்பக் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கொதிநீர் ஊற்றிச் சூடேற்றிய ஹாட் பாக்ஸில் மாற்றி, சமையல் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இரண்டு மணி நேரம் இருந்ததை யாருக்கும் கொடுக்காதீர்கள், எவ்வளவு மனசு வலித்தாலும். கடலெண்ணெய் சேர்ந்திருப்பதைப் பலகையில் எழுதுங்கள். நிலக்கடலை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

டீயோடு கொடுக்க ராகி பிஸ்கட், 60 எண்ணம்: ராகி மாவு 300 கிராம், கோதுமை மாவு 200, வெண்ணெய் 250, நாட்டுச் சர்க்கரை 220, பேக்கிங் பவுடர் 5, உப்பு 3, ஏலக்காய்த்தூள் 3 கிராம், பால் 40 மில்லி. ராகி மாவைச் சிறு தீயில் 7 நிமிடம் வறுத்து முழுக்க ஆறவிடுங்கள். சூடாகச் சேர்த்தால் வெண்ணெய் உருகி, பிஸ்கட் தட்டில் பரவிவிடும். நாட்டுச் சர்க்கரை ஈரம் இழுத்துக் கட்டிகட்டியாக இருக்கும். சலித்துத்தான் போட வேண்டும். ஊத்துக்குளிப் பக்கத்து வெண்ணெய் கிடைத்தால் மணம் அருமை. ஆனால் கடைந்தெடுத்த வெண்ணெயில் மோர்த் தண்ணீர் நிற்கும். குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசிப் பிழிந்து, பாலைப் பாதியாகக் குறையுங்கள்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் நிறம் வெளுக்கும்வரை அடித்து, மாவுகளைச் சேர்த்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். 17 கிராம் உருண்டைகளாக நிறுத்துத் தட்டையாக்குங்கள். அளவு மாறினால் சின்னது கருகும், பெரியது வேகாது. ஓவனை 160 டிகிரியில் 10 நிமிடம் சூடேற்றி, 16 முதல் 18 நிமிடம் வைக்கவும். மாவே கருப்பு என்பதால் நிறத்தை நம்பாதீர்கள். ஓரத்தை விரலால் தொட்டால் உறுதியாகவும் நடு லேசாக அமுங்குவதாகவும் இருந்தால் எடுத்துவிடலாம். சூட்டோடு தட்டிலிருந்து எடுத்தால் உடையும், ராகியில் பிடிப்பு கிடையாது. தட்டிலேயே 10 நிமிடம் விட்டு, முழுக்க ஆறியபின் டின்னில் அடைத்து, செய்த தேதியை ஒட்டுங்கள்.