‘டிக்’ சத்தம் மட்டும் வருகிறதா? குழல்வாய்த் துப்பாக்கிக்குக் கேப்பும் மருந்தும் தேர்ந்தெடுப்பது எப்படி

குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் கெட்டித்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கிகளுக்கு அமெரிக்காவில் இன்றும் மவுசு உண்டு. பல மாநிலங்களில் இதற்கென்றே தனி மான் வேட்டைக் காலம் இருக்கிறது. ஊரில் நரிக்குறவர்கள் கையில் பார்த்திருப்போமே, அந்த நாட்டுத் துப்பாக்கியும் இதே குடும்பம்தான். (இந்தியாவில் அதற்கும் உரிமம் வேண்டும், மறக்க வேண்டாம்.)

என்னிடம் இருப்பது .50 அளவு (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்) ஹாக்கன் பாணி, அதாவது பழைய அமெரிக்க வேட்டை ரைஃபிள். முதல் நாள் பத்து முறை விசையை இழுத்தேன். நாலு முறை வெறும் ‘டிக்’. மருந்து மட்டம் என்று திட்டித் தீர்த்தேன். கடைசியில் பார்த்தால், துருப்பிடிக்காமல் இருக்க நானே ஊற்றி வைத்த எண்ணெய்தான் உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது.

அதனால் கடைக்குப் போகும் முன் தீ போகும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். சுத்தியல், கேப்பு என்ற சின்ன வெடிக் குல்லாயை அடிக்கிறது. பொறி, கேப்பு உட்காரும் நிப்பிளின் நுண்துளையில் இறங்கி, ஒரு வளைவு திரும்பி, குழலின் அடியில் கிடக்கும் மருந்தைத் தொடுகிறது. இந்த வழியில் எங்கே தடங்கினாலும் ‘டிக்’தான்.

படி 1: நிப்பிளைப் பாருங்கள்

கேப்பு உட்காரும் சின்னக் கூம்புதான் நிப்பிள். நுனி நசுங்கியிருந்தாலோ துளை தேய்ந்து அகன்றிருந்தாலோ மாற்றிவிடுங்கள். விலை அதிகமில்லை. மரை அளவு துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும் என்பதால், உங்கள் மாடலுக்கானதைக் கேட்டு வாங்குங்கள்.

படி 2: கேப்பு

தீபாவளிக்குக் கல்லில் வைத்துத் தட்டுவோமே, அந்தப் பொட்டு வெடியின் பெரியண்ணன் இது. சின்னச் செம்புக் குல்லாய்க்குள் அடி பட்டால் வெடிக்கும் மருந்து. 1807-இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித் காப்புரிமை வாங்கிய யோசனையிலிருந்து வளர்ந்தது.

எண் 10, எண் 11 என்று அளவுகள் உண்டு. பெரும்பாலான ரைஃபிள்களுக்கு எண் 11. ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 11 இன்னொரு கம்பெனியின் 11 போல இருக்காது. குண்டும் மருந்தும் இல்லாத துப்பாக்கியில் போட்டுப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் அடிவரை உட்கார வேண்டும். கவிழ்த்தால் விழக் கூடாது. பாதியில் நின்றால், முதல் அடி கேப்பைக் கீழே தள்ளுவதிலேயே வீணாகிவிடும். இரண்டாவது அடியில் வெடிக்கும் துப்பாக்கிகளில் பலவற்றின் ரகசியம் இதுதான்! தளர்வாக இருந்தால் லேசாகப் பிதுக்கிப் போடுகிறார்கள்; அதைவிட வேறு பிராண்டுக்கு மாறுவது நல்லது.

பொறி போதவில்லை என்றால் எண் 11 மேக்னம் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்து மஸ்கெட்டுகளுக்கு (சிப்பாய்களின் நீளத் துப்பாக்கிகள்), விளிம்பு வைத்த தொப்பி போன்ற பெரிய மஸ்கெட் கேப்பு. அதற்கு நிப்பிளும் வேறு.

படி 3: மருந்து

அசல் கருமருந்துதான் சீக்கிரம் பற்றும். டப்பாவில் எஃப் எழுத்து எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். எழுத்து கூடக் கூட மணி பொடியாகும். .50-க்கும் மேலும் இரண்டு எஃப், .45-க்கும் கீழும் கைத்துப்பாக்கிக்கும் மூன்று எஃப் என்பது பொதுவான வழக்கம். நான்கு எஃப் சக்கிமுக்கித் துப்பாக்கியின் கிண்ணியில் தூவ மட்டும்.

கருமருந்து கிடைக்காத ஊரில் பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் போன்ற மாற்று மருந்துகள் கிடைக்கும். இவை பற்ற அதிகச் சூடு வேண்டும். மேக்னம் கேப்பு உதவும். பிளாக்ஹார்ன் 209-ஐ மட்டும் வாங்காதீர்கள். அது கேப்புக்குப் பதில் 209 பிரைமர் என்ற, அதிகச் சூடு தரும் பொறிக் குப்பி போடும் நவீன ரகங்களுக்கானது, நம் கேப்புக்கு மசியாது. மாற்று மருந்தை எடை போடாமல் கன அளவுக் குவளையில் அளக்க வேண்டும். டிரிபிள் செவனுக்கு வேகம் கூட. கருமருந்தின் அளவில் 15 சதவீதம் குறைத்துப் போடச் சொல்கிறார்கள். எவ்வளவு போடலாம் என்பதற்குத் துப்பாக்கியோடு வந்த கையேடுதான் கடைசி வார்த்தை.

இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூடக் கூடாது. குழல் வெடித்துக் கை போய்விடும்.

படி 4: வழி திறந்திருக்கிறதா?

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கேப்பு சிதறும். காய்ந்த துணியால் குழலின் எண்ணெயைத் துடையுங்கள். காலித் துப்பாக்கியின் வாயை ஒரு புல்லுக்கு அருகே பிடித்து, வெறும் கேப்பு ஒன்றிரண்டு வெடியுங்கள். புல் ஆடினால் வழி திறந்திருக்கிறது. இந்தச் சோதனை தெரிந்திருந்தால் என் முதல் நாள் வீணாகியிருக்காது.

அப்புறம் மருந்து, துணி சுற்றிய குண்டு. ராம்ராட் கம்பியால் குண்டு மருந்தை ஒட்டி உட்காரும் வரை இறக்குங்கள்; இடைவெளி விட்டால் ஆபத்து. சரியாக இறங்கிய ஆழத்தைக் கம்பியில் கோடு போட்டு வையுங்கள். கேப்பு கடைசியில், சுடும் இடத்தில் நின்ற பிறகுதான்.

படி 5: அப்படியும் ‘டிக்’ என்றால்

வாயை இலக்கை விட்டுத் திருப்பாதீர்கள். மருந்து தாமதமாகவும் பற்றலாம். ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருங்கள். புதுக் கேப்பு போட்டுப் பாருங்கள். பலனில்லையா? கேப்பை எடுத்துவிட்டு, மெல்லிய கம்பியால் நிப்பிள் துளையைக் குத்துங்கள். அதற்கும் மசியாவிட்டால் நிப்பிளைக் கழற்றி, அது இருந்த துளையில் நாலைந்து மணி மூன்று எஃப் மருந்தைத் தட்டிவிட்டு, மறுபடி மாட்டிச் சுடுங்கள்.